கோப்பி இலையைப் புரட்டிப் பார்த்தவர்

வரலாற்றுப் பாடநூலில் அது ஒரே ஒரு வசனம். மலைநாட்டில் கோப்பிச் செய்கை நோயினால் அழிந்தது, அதன் பின் தேயிலை வந்தது. பரீட்சைக்கு அவ்வளவும் போதும். ஆனால் அந்த நோய் எப்படிப்பட்டது, அது இலைக்குள் எவ்வாறு புகுந்தது, மரத்துக்கு மரம் எதனால் பரவியது என்பவற்றை ஐயத்துக்கு இடமில்லாமல் கண்டு சொன்னவர் பேராதனையில் இருந்து வேலை செய்த 26 வயது இளைஞர் ஒருவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர் கண்டு சொன்ன உண்மை, அவரை அழைத்து வந்தவர்களுக்குச் சற்றும் இனிக்கவில்லை என்பதையும் அறியோம். அவர் பெயர் ஹரி மார்ஷல் வோர்ட். தாவர நோயியல் படிப்பவர்கள் உலகெங்கும் இன்றும் மதிக்கும் பெயர் அது.

வோர்ட் 1854 மார்ச் 21 ஆம் திகதி இங்கிலாந்தின் ஹெரபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை இசையைத் தொழிலாகக் கொண்டவர். அந்த வீட்டில் பாட்டுக்குக் குறைவிருந்திராது, பணத்துக்குத்தான் குறைவு. குடும்ப நிலைமை காரணமாக 14 வயதிலேயே பாடசாலையை விட்டு நிற்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் அந்த வயதில் படிப்பை விட்ட பிள்ளைகள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. வோர்ட் மாலை நேர வகுப்புகளுக்குப் போனார். ஆசிரியராகும் எண்ணத்தோடு சான்றிதழ்களைப் பெற்றார். 1874 இல், விஞ்ஞான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பொன்றில் சேர லண்டன் சென்றார். அங்கே பாடம் நடத்தியவர் புகழ்பெற்ற உயிரியலாளர் தோமஸ் ஹக்ஸ்லி. நூலைப் பார்த்து ஒப்புவிப்பதை விட்டு, கத்தியும் நுணுக்குக்காட்டியும் கொண்டு தாமே அறுத்துப் பார்க்கும் புதிய முறையை ஹக்ஸ்லியின் கூட்டத்தார் அப்போது பழக்கி வந்தனர். மார்ஷல் வோர்ட் வாழ்நாள் முழுவதும் விடாத பழக்கம் அங்கே தொடங்கியது.

அவருடைய திறமையைக் கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. உடன் படித்த வசதியுள்ள நண்பர் ஒருவர் மேற்படிப்புக்குப் பண உதவி செய்தார். மன்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியில் சிறிது காலம் படித்த பின், 1876 இல் புலமைப்பரிசிலும் கிடைத்துக் கேம்பிறிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1879 இல் இயற்கை விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் சித்தியெய்தினார். பின்னர் ஜேர்மனிக்குப் போய், தாவரவியலில் அக்காலத்தின் பேராசானாகிய யூலியஸ் சாக்ஸிடம் கற்றார். அந்தக் கட்டத்தில்தான் இலங்கையிலிருந்து அழைப்பு வந்தது. கோப்பி நோயை ஆராய அரசாங்கத்துக்கு ஒருவர் தேவை, பூவாத் தாவரங்களையும் பங்கசுகளையும் அறிந்தவராக இருக்க வேண்டும், காலம் இரண்டு ஆண்டு. வோர்ட் ஒப்புக்கொண்டார். 1880 இல் இலங்கை வந்து பேராதனை தாவரவியற் பூங்காவைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார்.

அவர் வந்த வேளையில் மலைநாடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கோப்பியின் கதை அரபு உலகோடு பிணைந்தது. எதியோப்பியக் காடுகளில் இயல்பாக வளர்ந்த அந்த மரத்தை யெமன் மலைச்சரிவுகளில் பயிரிட்டார்கள். இரவு வணக்கங்களில் கண்விழிப்பதற்காக 15 ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சூபிகள் கஹ்வா அருந்தினார்கள். மோக்கா துறைமுகத்திலிருந்து அது உலகெங்கும் சென்றது. விஞ்ஞானப் பெயரிலும் அரபு நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டிலே ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியபின், 1830 களில் இருந்து காடுகளை வெட்டிச் சுட்டெரித்து மலை மலையாகக் கோப்பி நட்டார்கள். 1870 களின் பிற்பகுதியில் கோப்பி நிலம் இரண்டரை இலட்சம் ஏக்கரையும் கடந்துவிட்டது. கண்டி, மாத்தளை, கம்பளை, பதுளை எங்கும் அதே மரம். இடையிலே வேறு மரம் இல்லை. காற்றைத் தடுக்க ஒரு வேலி கூட இல்லை.

அந்தத் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை, மாத்தளை வழியே கால்நடையாக மலை ஏறினார்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் ஏராளம். தோட்டங்களுக்கு வெளியே கிராமத்துச் சிங்கள மக்களும் தம் வீட்டுத் தோட்டங்களில் கோப்பி வளர்த்தார்கள். அவர்களிடம் கொட்டையை வாங்கி, மாடுகளில் பொதி ஏற்றிக் கொண்டுபோய் விற்றவர்களுள் முஸ்லிம் வியாபாரிகள் பலர். துணியும் உப்பும் கருவாடும் மேலே ஏற, கோப்பி கீழே இறங்கியது. ஆகவே ஒரு மரத்தின் இலையில் நோய் என்றால் அது துரைமாரின் நோய் மட்டும் அல்ல.

நோய் முதலில் கண்ணிற்பட்டது 1869 இல், ஊவாப் பக்கத்து மதுல்சீமையில். இலையின் மேற்புறத்தில் சிறு மஞ்சட் புள்ளிகள். இலையைப் புரட்டினால் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி, துருப்பிடித்த இரும்பைத் தொட்டாற்போல விரலில் ஒட்டும். நாளடைவில் புள்ளிகள் பெருத்து ஒன்றாகி, இலை உதிர்ந்துவிடும். பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பங்கசு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற பாதிரியார் பேர்க்லி அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இது இதுவரை எவரும் விவரிக்காத புதிய பங்கசு என்று கண்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அதற்குப் பெயரிட்டு அறிவித்தார். ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ். வித்தியின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் முட்கள் போன்ற சொரசொரப்போடும் இருந்ததால் பாதி வழவழப்பானது என்ற பொருளில் முதற்பெயர், அழிவு செய்வது என்ற பொருளில் மற்றப் பெயர். பேர்க்லி இலங்கையை ஒருநாளும் கண்டவர் அல்லர். ஆனாலும் அந்த இரண்டாவது பெயர் பத்தாண்டுக்குள் அப்படியே பலித்தது.

தோட்டத் துரைமாரின் வாயில் இந்த இலத்தீன் பெயர் நுழையவில்லை. அவர்கள் அதை நாசகார எமிலி என்று அழைத்தார்கள். நாசம் செய்தது பங்கசு, கெட்ட பெயர் மட்டும் ஒரு பெண்பிள்ளைக்கு. இதையும் நம் மாணவியர் குறித்துவைத்துக்கொள்ளலாம்!

இந்த நோயின் கொடுமை என்னவென்றால், அது மரத்தை உடனே கொல்வதில்லை. இலையை உதிர்க்கும். மரம் புதிதாகத் துளிர்க்கும். தோட்டக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விடுவார். அடுத்த மழையோடு மீண்டும் பொடி, மீண்டும் உதிர்வு. இலை இல்லாத மரம் காயை எதைக் கொண்டு நிரப்பும்? ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் குறைந்தது. இதற்கிடையே உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியது. விளைச்சல் குறைந்ததை விலை ஏற்றம் மறைத்தது. இலாபம் தெரிந்ததால் டிம்புளை, டிக்கோயா, சிவனொளிபாத மலைப் பக்கம் என்று மேலும் மேலும் காட்டை வெட்டி, நோய்க்கு இன்னும் தீனி நட்டார்கள். பின்னாளில் யோசித்துப் பார்க்கும்போது எனக்கு மிகவும் துயரமாகப் படுவது இந்தப் பத்தாண்டுதான். அபாயம் இலையிலேயே எழுதியிருந்தது, கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது.

ஆளுக்கு ஒரு காரணமும் சொன்னார்கள். மண் சாரமிழந்துவிட்டது என்றார் ஒருவர். காலநிலை மாறிவிட்டது என்றார் மற்றவர். உரம் போதாது, மரம் முதுமையடைந்து பலவீனப்பட்டுவிட்டது, அதனால் இலையில் தானாகவே இந்தப் பொடி உண்டாகிறது என்பது பலரின் நம்பிக்கை. வோர்ட்டுக்கு முன் பேராதனையில் பணியாற்றிய டானியல் மொறிஸ் என்ற ஆய்வாளர் நோய் ஒரு பங்கசினால் வருவது என்பதில் தெளிவாக இருந்தார். ஆனால் மரத்தின் பட்டையிலும் இலைமேலும் காணப்பட்ட மெல்லிய நூல்களை அவர் அந்தப் பங்கசின் ஒரு பருவம் என எண்ணினார். வெளியே இருப்பதைக் கொன்றால் போதுமே என்று கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தூவும் முறையைப் பரிந்துரைத்தார். தோட்டங்களில் நம்பிக்கை பிறந்தது. மொறிஸ் வேறு பதவி பெற்று ஜமெய்க்காவுக்குப் போய்விட்டார். அந்த நம்பிக்கையின் நடுவில் வந்து இறங்கினார் வோர்ட்.

வந்தவர் மருந்தைத் தேடி ஓடவில்லை. முதலில் வித்தியைப் பிடித்தார்.

கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீரை வைத்து, அதில் செம்மஞ்சட் பொடியைச் சிறிது தூவி, மணிக்கணக்காக நுணுக்குக்காட்டியின் முன் இருந்தார். ஈரம் பட்ட வித்தியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று முளைத்து வெளிவந்தது. ஈரமில்லாத வித்தி அப்படியே கிடந்தது. பின்னர் அதையே கோப்பி இலையின் அடிப்புறத்தில் செய்து பார்த்தார். குழாய் இலையின் தோலைத் துளைக்கவில்லை. இலை மூச்சுவிடும் சின்னஞ்சிறு துவாரங்களை, அதாவது உயர்தர வகுப்பில் நாம் படிக்கும் இலைவாய்களைத் தேடி, அவற்றின் வழியே உள்ளே சென்றது. கோப்பி இலையில் இலைவாய்கள் அடிப்புறத்தில்தான் உள்ளன. துருப்பொடி ஏன் எப்போதும் அடிப்புறத்தில் தோன்றுகிறது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

உள்ளே போன நூல் கிளைவிட்டு, இலையின் கலங்களுக்கிடையே படர்ந்தது. கலத்துக்குள் சிறு உறிஞ்சிகளை நீட்டி, இலை தனக்கென்று செய்துவைத்த உணவைக் குடித்தது. வெளியில் இருந்து பார்ப்பவனுக்கு இந்த நாட்களில் ஒன்றும் தெரியாது, இலை பச்சையாகவே இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சட் புள்ளி தோன்றும். அதன் பிறகு நூல்கள் மறுபடி இலைவாய்க்கு வந்து, அதே வாசல் வழியாகக் கொத்துக் கொத்தாய்ப் புதிய வித்திகளை வெளியே தள்ளும். ஒரே புள்ளியிலிருந்து காலப்போக்கில் இலட்சக்கணக்கான வித்திகள் வெளிப்படக்கூடும். ஒரு மரத்தில் எத்தனை இலை, ஒரு தோட்டத்தில் எத்தனை மரம் என்று பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும்.

வோர்ட் இத்தோடு விடவில்லை. தாம் காண்பது தற்செயல் அல்ல என்று காட்ட வேண்டியிருந்தது. நோயற்ற இலைகளில் குறித்த இடங்களில் வித்தியை வைத்தார். வைத்த இடத்தில் நோய் வந்தது, வைக்காத இடம் சுத்தமாக இருந்தது. நல்ல மண்ணில் வளர்ந்த இளஞ்செடிக்கும் வந்தது. அதனால் முதுமை, பலவீனம், மண் சாரம் என்ற பேச்சுகளெல்லாம் அடிபட்டுப்போயின. பட்டையில் காணப்பட்ட நூல்களையும் ஆராய்ந்தார். அவை கோப்பித் துருவுக்குச் சம்பந்தமில்லாத வேறு பங்கசுகள், மரத்துக்குத் தீங்கும் செய்யாதவை என்று தெரிந்தது. தோட்டங்கள் பணத்தைக் கொட்டித் தூவிய கந்தகமும் சுண்ணாம்பும் பெரும்பாலும் யாரோ ஓர் அப்பாவியின் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தன.

அடுத்த கேள்வி, வித்தி எப்படிப் பயணம் செய்கிறது? இதற்கு அவர் செய்த பரிசோதனையை இன்றும் எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யலாம். கண்ணாடி வழுக்கிகளில் ஒட்டுந்தன்மையுள்ள கிளிசரினைப் பூசி, தோட்டங்களில் காற்று வரும் திசையை நோக்கித் தொங்கவிட்டார். பிறகு எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். துருவின் வித்திகள் அதில் ஒட்டிக்கிடந்தன. காற்றுத்தான் தூதுவன் என்பது வெளிச்சமாயிற்று. பருவக்காற்று வித்தியைச் சுமந்து வருகிறது, கூடவே வரும் மழை இலையை நனைத்து அதை முளைக்க வைக்கிறது. மலையிலிருந்து மலைக்கு இடைவெளியின்றி ஒரே பயிர் விரித்து வைத்திருக்கும்போது அதைத் தடுப்பதற்கு என்ன இருக்கிறது?

இவற்றையெல்லாம் மூன்று அறிக்கைகளாக அரசாங்கத்துக்குச் சமர்ப்பித்தார். இறுதி அறிக்கை 1881 இல். அதைத் திறந்து பார்த்த துரைமார் தேடியது ஒன்றே ஒன்று, மருந்து எங்கே? மருந்து இல்லை. இலைக்குள் புகுந்துவிட்ட பங்கசை, இலையைக் கொல்லாமல் வெளியேற்ற வழியில்லை என்பதே வோர்ட்டின் முடிவு. செய்யக்கூடியது, வித்தி முளைக்குமுன் இலையின் மேல் ஒரு காப்பு இருக்கச் செய்வது, காற்றை மறிக்க இடையிடையே வேறு மரங்களை வைப்பது, நோயுற்ற இலைகளை அழிப்பது. அதுவும் ஒரு தோட்டம் செய்தால் போதாது, அயல் தோட்டமும் சேர்ந்து செய்ய வேண்டும். கடனில் கழுத்தளவு மூழ்கியவர்களுக்கு இது உபதேசமாகப் பட்டதே தவிர உதவியாகப் படவில்லை. இரண்டு வருடச் சம்பளம் வாங்கிக்கொண்டு வித்தி முளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. ஒப்பந்தம் முடிந்து 1882 இல் அவர் நாட்டை விட்டுப் போனார்.

நான் இந்த இடத்தில் வோர்ட்டின் பக்கம்தான் நிற்கிறேன். ஏதாவது ஒரு பொடியைக் காட்டி, இதைத் தூவுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கேட்பவர்கள் அதைத்தான் கேட்க விரும்பினார்கள். 26, 27 வயது, நிரந்தரப் பதவி இல்லை, கொழும்பிலும் கண்டியிலும் செல்வாக்குள்ளவர்கள் எதிரே இருக்கிறார்கள். அந்த நிலையில், உங்கள் மருந்து பயனற்றது, என்னிடமும் மருந்து இல்லை என்று எழுத்தில் கொடுப்பது இலகுவான காரியம் அல்ல. அவர் மருந்தைத் தராவிட்டாலும், மருந்து எப்போது எங்கே விழ வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டார். இலையின் அடிப்புறத்தில், மழைக்கு முன், வித்தி முளைக்குமுன். அவர் போய் மூன்று ஆண்டில், 1885 இல், பிரான்சின் போர்தோ நகரில் மில்லார்டே என்ற பேராசிரியர் செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் கலந்து திராட்சை இலையில் தெளித்து வேறொரு பங்கசு நோயைத் தடுக்கலாம் என்று அறிவித்தார். போர்தோக் கலவை என்று நாம் விவசாய விஞ்ஞானத்தில் படிப்பது அதுவே. பின்னாளில் பல நாடுகளில் கோப்பித் துருவையும் அது கட்டுப்படுத்தியது. வோர்ட் சொன்ன காப்பு இப்படிப்பட்டதுதான். இலங்கையில் கோப்பியைக் காப்பாற்ற அது நேரத்துக்கு வரவில்லை.

இங்கே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1870 இல் ஏறத்தாழ 10 கோடி இறாத்தலாக இருந்த கோப்பி ஏற்றுமதி 1889 இல் 50 இலட்சம் இறாத்தலளவுக்குச் சரிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் வங்கி 1884 இல் வீழ்ந்தது. துரைமாரிற் பலர் வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். தொழிலாளருக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. வந்த வழியே வெறுங்கையோடு நடந்தவர்கள் பலர். வலப்பனைப் பக்கத்துக் கிராமத்தவர்கள் கோப்பி விற்ற காசில்தான் நெல்வரி கட்டி வந்தார்கள். கோப்பி போனதும் வரி கட்ட வழியில்லாமல் வயலையே இழந்தார்கள். பொதிமாட்டு வியாபாரிகளின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

சிறிது காலம் சிங்கோனா மரத்தை நட்டுப் பார்த்தார்கள், எல்லோரும் நட்டதால் அதன் விலையும் சரிந்தது. 1867 இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டு வளர்த்துக் காட்டிய தேயிலை அதன் பின்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் சுமார் மூன்றரை இலட்சம் ஏக்கர். கோப்பிக்குப் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் தேவைப்பட்டது, தேயிலைக்கு ஆண்டு முழுவதும் தேவை. வந்து வந்து போன தொழிலாளர் குடும்பமாக லயன்களில் தங்கியது இதனால்தான். மலையகத் தமிழ்ச் சமூகம் இங்கே வேரூன்றிய கதையில் கண்ணுக்குத் தெரியாத இந்த வித்திக்கும் ஒரு பங்குண்டு. ஆங்கிலேயர் தேநீர் குடிக்கத் தொடங்கியதே இலங்கைக் கோப்பி அழிந்ததால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சுவைக்காகச் சொல்லப்படும் கதை. அதற்கு நூறு ஆண்டு முன்பிருந்தே அவர்கள் சீனத் தேயிலையை விரும்பிக் குடித்து வந்தார்கள்.

இனி வோர்ட்டிடம் திரும்புவோம். இலங்கையில் தோற்றவராகப் பலர் கருதிய மனிதரை விஞ்ஞான உலகம் அப்படிக் கருதவில்லை. 1882 இல் மன்செஸ்டரில் ஆராய்ச்சிப் பதவி கிடைத்தது. 1883 இல் கிறைஸ்ட்ஸ் கல்லூரி அவரைத் தன் ஆய்வாளராக ஏற்றது. அவ்வாண்டே செலினா மேரி கிங்டன் என்ற பெண்மணியை மணந்தார். 1885 இல் கூப்பர்ஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த பொறியியல் கல்லூரியில் தாவரவியற் பேராசிரியரானார். இந்தியாவுக்குக் காட்டதிகாரிகளாகப் போகும் இளைஞர்கள் பயின்ற இடம் அது. பேராதனையில் கற்ற பாடம் அங்கே பயன்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்த பத்தாண்டில் அவர் கைவைத்த விடயங்கள் பல. லில்லிப் பூவை அழுகச் செய்யும் பங்கசு எவ்வாறு தாவரக் கலத்தின் சுவரைக் கரைத்து உள்ளே நுழைகிறது என்று காட்டினார். தேம்ஸ் நதி நீரில் வாழும் பற்றீரியாக்களை ஆராய்ந்தார். இங்கிலாந்து வீடுகளில் இஞ்சியும் சீனியும் நீரும் சேர்த்துப் புளிக்கவைக்கும் பானம் ஒன்றுண்டு. அதைப் புளிக்கவைக்கும் கட்டிபோன்ற பொருளை எல்லோரும் ஒரு செடி என்றே சொல்லி வந்தார்கள். அது ஒற்றை உயிரல்ல, ஒரு மதுவமும் ஒரு பற்றீரியமும் ஒன்றையொன்று சார்ந்து கூட்டாக வாழும் வாழ்க்கை என்று 1892 இல் நிரூபித்தார். ஒட்டி வாழ்வது, உறிஞ்சி வாழ்வது, சேர்ந்து வாழ்வது என்று இரண்டு உயிர்களுக்கிடையே உள்ள உறவே அவரை வாழ்நாள் முழுவதும் ஈர்த்த பொருள். 1888 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1893 இல் அச்சங்கத்தின் றோயல் பதக்கம் கிடைத்தது. 14 வயதில் பாடசாலையை விட்ட பையனுக்கு 1895 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் பதவி வந்து சேர்ந்தது.

கேம்பிறிட்ஜில் அவர் மீண்டும் துருப் பங்கசுக்கே திரும்பினார். இம்முறை கோப்பியில் அல்ல, புரோமஸ் என்ற புல்லினத்தில். ஒருவகைப் புல்லைத் தாக்கும் துரு அதற்கு அயலே நிற்கும் மற்றொரு வகையை ஏன் தொடுவதில்லை என்பது கேள்வி. புல்லின் இலை தடிப்போ மெலிவோ, இலைவாய் பெரிதோ சிறிதோ காரணமாகுமா என்று அளந்து பார்த்தார். வெளியமைப்பில் காரணம் இல்லை, கலத்துக்குள் நடக்கும் போராட்டத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். நோய்க்கு ஆளாகும் இனம், ஆளாகாத இனம் என்ற இந்தச் சிந்தனை அவரைச் சூழ்ந்து வேலை செய்த இளையவர்களிடமும் தொற்றிக்கொண்டது. அவர்களுள் ஒருவரான பிபன், கோதுமையில் துருவை எதிர்க்கும் தன்மை மெண்டலின் விதிப்படி தலைமுறைக்குத் தலைமுறை கடத்தப்படுகிறது என்று 1905 இல் காட்டினார். நோயெதிர்ப்புள்ள பயிர்களை உண்டாக்கும் வேலை உலகில் அதன் பிறகுதான் சூடுபிடித்தது.

தாவரவியலுக்கெனத் தனிக் கட்டடம் வேண்டும் என்று வோர்ட் பல ஆண்டு பாடுபட்டார். 1904 இல் ஏழாம் எட்வேர்ட் மன்னர் வந்து அதைத் திறந்து வைத்தார். அதில் நெடுநாள் இருந்து பணியாற்ற அவருக்கு வாய்க்கவில்லை. உடல்நலம் குன்றி, 1906 ஓகஸ்ட் 26 ஆம் திகதி தென்கரையோர டோர்கீ நகருக்கருகே காலமானார். வயது 52. உடல் கேம்பிறிட்ஜில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மகன் பிராங்க் அப்போது கேம்பிறிட்ஜில் மாணவர். தந்தையின் மறைவோடு படிப்பைச் சுருக்கிக்கொண்டு, ஷங்ஹாய் நகரில் ஆசிரியராகப் போனார். வகுப்பறை அவரைப் பிடித்து வைக்கவில்லை. தாயின் குடும்பப் பெயரையும் சேர்த்துப் பிராங்க் கிங்டன் வோர்ட் என்ற பெயரில், திபெத், பர்மா, அசாம் மலைகளில் அரை நூற்றாண்டு அலைந்து தாவரங்களைத் திரட்டியவர் அவர்தான். இமயத்தின் நீலப் பொப்பிப் பூவின் விதைகளை இங்கிலாந்துத் தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்த பெருமை அவருக்குண்டு. தந்தை ஓர் இலையின் அடிப்புறத்துக்குள் ஓர் உலகைக் கண்டார், மகன் மலைகளுக்கு அப்பால் தேடிப் போனார்.

கோப்பித் துரு இலங்கையோடு நிற்கவில்லை. தென்னிந்தியாவிலும் சுமாத்திராவிலும் ஜாவாவிலும் 1870 களிலேயே பரவியது. அத்திலாந்திக் சமுத்திரம் தன்னைக் காக்கும் என்று நூறு ஆண்டு நம்பியிருந்த பிரேசிலில் 1970 இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் மத்திய அமெரிக்காவில் அது மறுபடி தலைவிரித்தாடியபோது இலட்சக்கணக்கான கூலியாட்கள் வேலை இழந்தார்கள். கோதுமைத் துருவுக்கு வேறொரு செடியில் இரண்டாவது வாழ்க்கை உண்டு என்பதை அறிந்திருந்த வோர்ட், கோப்பித் துருவுக்கும் அப்படியொரு செடி இருக்குமோ என்ற கேள்வியைப் பேராதனையில் இருந்தபோதே மனதில் வைத்திருந்தார். 140 ஆண்டு கடந்தும் அந்தச் செடியை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

கண்டி, மாத்தளை, மாவனல்லைப் பக்கங்களில் வீட்டுக் கொல்லையில் மிளகுக்கும் கராம்புக்கும் இடையே ஒன்றிரண்டு கோப்பி மரங்கள் இன்றும் நிற்கின்றன. மழைக்காலம் கழிந்தபின் மஞ்சட் புள்ளியுள்ள ஓர் இலையைப் பார்த்துப் புரட்டினால், விரலில் ஒட்டும் அந்தச் செம்மஞ்சட் பொடியை நீங்களும் காணலாம். பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஒவ்வொரு வித்தியும் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் முட்களோடும், வோர்ட் கண்டது போலவே தெரியும்.